காட்டில் தொலைந்த 35 நிமிடங்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். இரவில் தலைவிளக்கும் வரைபடமுமாகக் காட்டில் ஓடியதைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 41 வயது. ஆறு வருடமாக ஓடுகிறேன். 10 கிலோமீட்டரை 47 நிமிடத்தில் முடிப்பேன். இன்னும் ஏழு வாரத்தில், இந்த இலையுதிர் காலத்தின் கடைசியில், ஓர் அரை மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) இருக்கிறது. 1 மணி 45 நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்று ஆசை.

போன வருடம் ஒரு நண்பர், வரைபடத்தைப் பார்த்துக் காட்டில் வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியண்டீரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று பிடித்த ஆசை விடவில்லை. ஆனால் அங்கே நான் மிக மோசம் சார். போன சனிக்கிழமை 6.2 கிலோமீட்டர், 12 கன்ட்ரோல் (வழியில் தொட வேண்டிய இடங்கள்), மொத்த ஏற்றம் 190 மீட்டர். 1 மணி 34 நிமிடம் எடுத்துக்கொண்டேன். கைக்கடிகாரம் 8.9 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டுகிறது. கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம்! என்னைவிட இருபது வயது மூத்த அம்மா ஒருவர், பாதி நடையும் பாதி ஓட்டமுமாக, அதே பாதையை எனக்கு அரை மணி நேரம் முன்பே முடித்துவிட்டார்.

வாரத்தில் செவ்வாய் இன்டர்வெல் (விட்டுவிட்டு வேக ஓட்டம்), வியாழன் டெம்போ (சீரான வேகத்தில் கடின ஓட்டம்), சனி ஓரியண்டீரிங் போட்டி, ஞாயிறு 18 முதல் 20 கிலோமீட்டர் நீள் ஓட்டம். இடது கணுக்கால் இரண்டு வாரமாக வலிக்கிறது. ஓட்டக் குழுவில் எனக்குச் சொல்லித்தருபவர், "காட்டில் சுற்றினால் சாலையில் வேகம் வராது, ஒன்றை விடு" என்கிறார். விட வேண்டுமா? காட்டிலும் வேகமாக ஓட இன்னும் என்ன பயிற்சி சேர்க்க வேண்டும்? குளிர்காலம் தொடங்கும்போது நடக்கும் இரவு ஓட்டங்களில் சேரலாமா? சனிக்கிழமையின் நேரப்பட்டியலையும் கடிகாரம் பதிந்த தடத்தையும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நேரப்பட்டியலை அனுப்பியது பெரிய உதவி. கடிதத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்து உங்கள் சனிக்கிழமையை ஒரு முறை நானும் ஓடிப் பார்த்தேன்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் இருக்கும். காட்டுக்குள் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக முப்பட்டைத் துணிக்கூடு தொங்கும். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். வரைபடத்தில் ஊதா வட்டமாகக் குறித்திருப்பார்கள். 1, 2, 3 என்ற வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவர் பாடு. விரலில் மாட்டிய சிறு மின்னணுச் சில்லை அங்கிருக்கும் பெட்டியில் நுழைத்தால் 'பீப்' என்று ஒலித்து நேரம் பதிவாகும். அறிவிக்கப்படும் தூரம் கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல் நேர்கோட்டில் அளந்தது. 6.2 என்று போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஏழுக்கு மேல் போகும்.

இனி உங்கள் கணக்கு. 12 கன்ட்ரோல் என்றால் முடிவிடம் வரை 13 துண்டுகள். அவற்றில் ஒன்பது துண்டுகளை மொத்தம் 41 நிமிடத்தில் ஓடியிருக்கிறீர்கள். நேர்கோட்டில் 4.3 கிலோமீட்டர், நீங்கள் ஓடியது 5. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் சொச்சம். வேர், கல், சதுப்பு, ஏற்றம் எல்லாம் உள்ள காட்டில் 47 நிமிடக்காரருக்கு இது நல்ல ஓட்டம். மீதி நான்கு துண்டுகள்: நான்காவதற்கு 9 நிமிடம், ஐந்தாவதற்கு 8, ஒன்பதாவதற்கு 22, பதினொன்றாவதற்கு 14. மொத்தம் 53 நிமிடம். நேர்கோட்டில் அவை 1.9 கிலோமீட்டர்தான். மற்ற ஒன்பதை ஓடியதுபோல இவற்றையும் ஓடியிருந்தால் 18 நிமிடத்தில் முடிந்திருக்கும். நீங்கள் இழந்த 35 நிமிடமும் இந்த நான்கு இடங்களில்தான் கிடக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். காட்டில் வேகம் கூட்ட என்ன பயிற்சி என்று கேட்கிறீர்கள். உங்கள் ஓட்டவேகம் பத்து சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 47 நிமிடம் 42 நிமிடம் சொச்சமாகும். நாற்பதைத் தாண்டியவர் அதற்கு இரண்டு மூன்று வருடம் பாடுபட வேண்டியிருக்கும். அவ்வளவு பாடுபட்டு, சரியாக ஓடிய அந்த ஒன்பது துண்டுகளில் உங்களுக்கு மிச்சமாவது 4 நிமிடம். 35 நிமிடம் தரையில் கிடக்கும்போது 4 நிமிடத்துக்காக ஏன் மலையேற வேண்டும்? அந்த அம்மா உங்களை முந்தியது இப்படித்தான். அவர் உங்களைவிட வேகமாக ஓடவில்லை. நீங்கள் நின்றும் திரும்பியும் சுற்றியும் செலவிட்ட நேரத்தை அவர் செலவிடவில்லை, அவ்வளவுதான்.

பத்தரை நிமிடம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். காட்டில் கிலோமீட்டர் வேகம் பார்ப்பது வீண். ஏற்றத்தை அது கணக்கில் எடுப்பதே இல்லை. 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஓர் அடி ஏறுவது ஏறக்குறைய எட்டு அடி சமதளத்துக்குச் சமம். ஓரியண்டீரிங்கில் மனக்கணக்குக்கு வசதியாகப் பத்து என்று வைத்துக்கொள்வார்கள். நீங்கள் ஏறிய 190 மீட்டர், சமதளத்தில் 1.9 கிலோமீட்டர். இந்தக் கணக்கு வழியைத் தேர்ந்தெடுக்கும்போதும் உதவும். மேட்டைக் கடந்தால் 40 மீட்டர் ஏற்றம், சுற்றிப்போனால் 300 மீட்டர் கூடுதல் தூரம் என்றால், சுற்றுவதே லாபம்.

சரி, அந்த நான்கு இடங்களில் என்ன நடந்தது? ஒன்பதாவதை எடுத்துக்கொள்வோம். எட்டாவது கன்ட்ரோலைவிட்டு வனச்சாலையில் இறங்கியிருக்கிறீர்கள். சரிவான சாலை. 600 மீட்டருக்கு மேல் கிலோமீட்டருக்கு 5 நிமிடச் சொச்ச வேகத்தில் போயிருக்கிறீர்கள். இதயத் துடிப்பு 174. அதே வேகத்தில் சாலையைவிட்டுக் காட்டுக்குள் பாய்ந்திருக்கிறீர்கள். கன்ட்ரோல் இருந்தது ஒரு சரிவின் மடிப்பில். நீங்கள் தேடியது அதற்கு அடுத்த மடிப்பில், 250 மீட்டர் தள்ளி. அங்கேயே தடம் நூற்கண்டுபோலச் சுற்றிச் சுற்றிக் கிடக்கிறது. நான்காவதும் பதினொன்றாவதும் இதே கதைதான்: எளிதான இடத்தில் வேகம், அதே வேகத்தோடு கடினமான இடத்துக்குள் நுழைவு, அங்கே குழப்பம். ஐந்தாவது மட்டும் வேறு மாதிரி. நான்காவதில் இழந்ததை மீட்கப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

174 துடிப்பில் கால் ஓடும், கண்ணும் பார்க்கும். ஆனால் பார்த்ததைப் படத்தோடு ஒப்பிடும் வேலை நடக்காது. சாலையில் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது, அங்கே மூளைக்கு வேலை குறைவு. படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடு ஐந்தைப் படித்து மனதில் நிறுத்த எந்தத் துடிப்பு வரை உங்களால் முடிகிறது என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். அந்த எண் ஒவ்வொருவருக்கும் வேறு. சாலைப் பயிற்சியால் அது உயரும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அதனால்தான் சாலையை விடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். உடல் தயாராக இருந்தால் அதே வேகம் எளிதாகிறது, எளிதான வேகத்தில் தலை வேலை செய்கிறது.

ஓரியண்டீரிங்காரர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பேசுவது இதைத்தான். சாலை, ஓடை, வேலி என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்வரை பச்சை, முழு வேகம். கன்ட்ரோல் நெருங்க நெருங்க மஞ்சள். கடைசி 100, 150 மீட்டர் சிவப்பு: தேவைப்பட்டால் நடை. மஞ்சள் எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட வேண்டும். கன்ட்ரோலுக்கு முன்னால், தப்பாமல் கண்ணில் படக்கூடிய ஓர் இடத்தைப் படத்தில் தேர்ந்துகொள்ளுங்கள்: சாலை வளைவு, பெரிய பாறை, இரண்டு ஓடைகள் சேரும் இடம். அங்கே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். உங்கள் ஒன்பதாவதுக்கு அப்படியோர் இடம் இருந்தது, சாலை சட்டென்று இடப்பக்கம் திரும்பும் முனை. நீங்கள் அதைத் தாண்டியே போயிருக்கிறீர்கள்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூடுபனி இறங்கிய ஓர் இலையுதிர் காலக் காலை. முப்பதடிக்கு அப்பால் மரங்கள் சாம்பல் கோடுகளாகத்தான் தெரிந்தன. ஏழாவது கன்ட்ரோல் ஒரு சிறு குழியில். மேட்டு முனை ஒன்றின் நுனியிலிருந்து கீழே இறங்கினால் குழி என்று படம் சொன்னது. முனைக்கு வந்தேன், இறங்கினேன், குழி இல்லை. இடப்பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. படத்தில் அங்கே ஓடை இல்லை. 'நேற்று மழை பெய்திருக்கிறது, புதிதாக ஓடுகிறது போலும்' என்று நினைத்துக்கொண்டேன். காலடியில் சதுப்பு. படத்தில் அதுவும் இல்லை. அதற்கும் மழையைக் காரணமாக்கினேன். இலை நிரம்பிக் குழி மூடிக்கொண்டிருக்கும் என்று எண்ணி, குச்சியால் இலைக்குவியல்களைக் கிளறிக்கூடப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம். பிறகுதான் படத்தைத் தரையில் விரித்து வைத்து, 'இங்கே நான் பார்ப்பதில் படத்தோடு பொருந்தாதவை எவை?' என்று கேட்டுக்கொண்டேன். ஓடை, சதுப்பு. இரண்டும் சேர்ந்திருக்கும் இடம் படத்தில் ஒன்றே ஒன்றுதான், நான் நினைத்த முனைக்கு அடுத்த முனையின் கீழே. நான் நின்றிருந்தது அங்கே. இருநூறு மீட்டர் நடந்து மேட்டைத் தாண்டினேன். இலைகள் பாதி நிறைந்த குழியில் ஆரஞ்சுத் துணி பனியில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

தரை எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் அதைப் படத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டிருந்தேன். அன்று முதல், சந்தேகம் வந்த கணத்தில் பொருந்துவதைத் தேடுவதில்லை, பொருந்தாததைத் தேடுகிறேன். பொருந்துவது எப்போதும் கிடைத்துவிடும். காட்டில் பாறைக்கும் மேட்டுக்கும் பஞ்சமில்லை.

இதை வீட்டில் உட்கார்ந்தே பயிலலாம். போட்டி முடிந்த அன்று மாலை, கடிகாரத்தின் தடத்தைத் திறப்பதற்கு முன்னால், ஒரு பென்சிலை எடுத்து வரைபடத்தில் நீங்கள் போன வழியை நினைவிலிருந்து வரையுங்கள். எங்கே பார்த்தேன், எந்தப் பாறையை, எந்த வேலியை என்று சிறு குறிகளும் போடுங்கள். சில இடங்களில் பென்சில் நின்றுவிடும். சாலையிலிருந்து கன்ட்ரோல்வரை எப்படிப் போனோம் என்றே நினைவிருக்காது. அதன்பிறகு தடத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். பென்சில் நின்ற இடமும் நேரம் இழந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். படிக்காமல் ஓடிய இடம் நினைவில் பதிவதில்லை. எந்த இன்டர்வெல் பயிற்சியையும்விட இந்த அரை மணி நேரம் உங்களுக்கு அதிகம் தரும் என்று உறுதியாகச் சொல்கிறேன். செய்யுங்கள், ஒரு போட்டியையும் விடாமல்.

இலையுதிர் காலத்தை நான் விரும்பக் காரணம் உண்டு. கோடையில் இடுப்பளவு நிற்கும் பெரணிகள் பழுத்துப் படுத்துவிடுகின்றன. புதர்கள் இலையைக் கொட்டிவிடுகின்றன. காடு திறந்துகொள்கிறது. கோடையில் இருபது மீட்டருக்கு மேல் தெரியாத இடத்தில் இப்போது எதிர்ச் சரிவின் முழு உருவமும் தெரியும். அதே சமயம் ஒற்றையடிப் பாதைகள் இலைக்கடியில் மறைந்துபோகின்றன. படத்தில் கறுப்புத் துண்டுக்கோடாக ஒரு பாதை இருக்கும், தரையில் எங்கும் ஒரே செம்பழுப்பு. பாதையை நம்பியே ஓடிப் பழகியவர்கள் இந்த மாதங்களில் தவிப்பார்கள். தப்பிக்க ஒரே வழி பழுப்புக் கோடுகள்தான், அதாவது சமஉயரக் கோடுகள். பெரும்பாலான படங்களில் கோட்டுக்குக் கோடு 5 மீட்டர் உயரம். மேடும் மடிப்பும் இலையால் மறைவதில்லை.

அடுத்த நீள் ஓட்டத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே போட்டி நடந்த ஒரு காட்டின் பழைய படத்தை எடுத்துக்கொண்டு, கன்ட்ரோல் எதுவும் இல்லாமல், மெதுவாக ஓடுங்கள். கட்டைவிரல் படத்தில் நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நூறு மீட்டர் போனதும் விரலும் நகர வேண்டும், 1:10,000 அளவுப் படத்தில் அது ஒரு சென்டிமீட்டர். திரும்பும்போதெல்லாம் படத்தையும் திருப்புங்கள், படத்தின் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி. ஒவ்வொரு மேட்டையும் பார்ப்பதற்கு முன்பே சொல்லிப் பாருங்கள்: 'இப்போது வலப்பக்கம் சரிவு உள்வாங்கும், அதன் பிறகு ஒரு முனை வரும்.' முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பார்ப்பது. ஒன்றரை மணி நேரம் இப்படி ஓடினால் கால் களைப்பதற்கு முன் தலை களைத்துவிடும். அந்தக் களைப்புத்தான் பயிற்சி.

உங்களுக்குச் சொல்லித்தருபவர் தவறாகச் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வாரத்தைப் பார்த்தால் அவர் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அவர் காட்டிய காரணம் சரியல்ல. இந்த விளையாட்டு வளர்ந்ததே ஓட்டக்காரர்களுக்காகத்தான். 1897 அக்டோபர் 31 அன்று, இதுபோன்ற ஓர் இலையுதிர் காலத்தில், இன்றைய ஓஸ்லோவுக்கு அருகே பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தபோது ஓடியவர்கள் 8 பேர், தூரம் 19.5 கிலோமீட்டர். வென்றவர் 1 மணி 47 நிமிடத்தில் வந்தார். பிறகு ஸ்வீடனில் மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர், இளைஞர்களுக்குத் தடகளத்தில் ஆர்வம் குறைந்துகொண்டே போவதைக் கண்டு, அவர்களை மீண்டும் ஓட வைக்கவே வரைபடத்தையும் காட்டையும் கையிலெடுத்தார். 1919இல் ஸ்டாக்ஹோமின் தெற்கே அவர் நடத்திய போட்டிக்கு 200 பேருக்கு மேல் வந்தார்கள். அதே நாட்டில்தான் 1930களில் யோஸ்தா ஹோல்மேர் என்ற பயிற்சியாளர் ஃபார்ட்லெக் முறையைக் கொண்டுவந்தார். கடிகாரத்தை மறந்து, தரை எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது. அப்படிக் காட்டுப் பாதைகளில் பழகிய குண்டெர் ஹேக்தான் 1942இல் 5000 மீட்டரை 13 நிமிடம் 58.2 நொடியில் ஓடினார், 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். காட்டில் ஓடினால் வேகம் வராது என்பதை நான் ஏற்கவில்லை.

சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. நீங்கள் ஓரியண்டீரிங்கைப் பயிற்சிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. செவ்வாய் கடினம், வியாழன் கடினம் என்று ஒரு முழுச் சாலைத் திட்டத்தை வைத்துக்கொண்டு, சனிக்கிழமையை விளையாட்டு என்று அதன்மேல் ஏற்றிவைத்திருக்கிறீர்கள். 94 நிமிடம், சராசரித் துடிப்பு 160க்கு மேல், 190 மீட்டர் ஏற்றம், கரடுமுரடான தரை. உங்கள் வாரத்திலேயே மிகக் கடினமான நாள் அதுதான். மறுநாளே 20 கிலோமீட்டர். கணுக்கால் வலிக்காமல் என்ன செய்யும்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஓரியண்டீரிங் உள்ள வாரத்தில் வியாழக்கிழமை டெம்போவை எடுத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை மட்டும் சாலையில் உழைப்பேன். இன்டர்வெல்லைக் குறைத்து, அரை மாரத்தான் வேகத்தில், அதாவது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 58 நொடியில், 2 கிலோமீட்டர் துண்டுகளாக மூன்று அல்லது நான்கு. உங்கள் இலக்கு வேகம் உடலுக்குப் பழக வேண்டும், அதைவிட வேகமாக ஓடி இப்போது பெரிதாக ஆகப்போவது எதுவுமில்லை. சனி போட்டி. ஞாயிறு, 75 நிமிடத்துக்கு மேல் போகாமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், மென்மையான தரையில். மற்ற நாட்களில் ஒன்றிரண்டு மெதுவான ஓட்டம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் காட்டுப் போட்டியே வேண்டாம். அந்த வாரங்களில் டெம்போவும் இருக்கட்டும், ஞாயிறு 18 கிலோமீட்டர் ஓடி கடைசி ஐந்தை இலக்கு வேகத்தில் முடியுங்கள். ஏழு வாரத்தில் மூன்று காட்டுப் போட்டி கிடைக்கும். கவனத்தோடு ஓடினால் மூன்று போதும்.

அரை மாரத்தானுக்கு முந்தைய இரண்டு வாரம் கரடுமுரடான காட்டுக்குள் வேகமாக ஓட வேண்டாம். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒரு வருடம் முழுக்கத் தயாரான ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, சரிவில் இறங்கும்போது ஈர இலைக்கடியில் இருந்த உருண்டைக் கல் ஒன்று என் காலை மடித்தது. கணுக்கால் வெளிப்பக்கம் மாலைக்குள் முட்டைபோல வீங்கிவிட்டது. ஆறு வாரம் ஓடவில்லை. இலையுதிர் காலத்தில் கால் வைக்கும் இடம் தெரியாது. ஈரமான மர வேர் சாய்வாகக் கிடந்தால் அதன்மேல் ஒருபோதும் மிதிக்காதீர்கள், தாண்டிவிடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே வலி இருப்பதால் வரும் சனிக்கிழமை போகாமல் இருங்கள், மூன்று போட்டி இரண்டானாலும் பரவாயில்லை. வலி குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டாமல் தள்ளிப்போட வேண்டாம். குணமானபின் தினமும் ஒற்றைக்காலில் நின்று பல் தேய்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கண்ணை மூடி ஒரு நிமிடம். எளிய பயிற்சி, ஆனால் காட்டுக்குப் போகிறவர் கணுக்காலுக்கு இது வேண்டும்.

ஓட்ட நாளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. குளிர்ந்த காற்றும் மேகமூட்டமும் நீண்ட தூரத்துக்கு வாய்த்த வானிலை. 47 நிமிடம் உங்கள் உண்மையான நேரம் என்றால் 1 மணி 45 நிமிடம் எட்டக்கூடியதுதான். முதல் ஐந்து கிலோமீட்டரில் துள்ளாமல் இருந்தால் போதும்.

இரவு ஓட்டங்களில் சேருங்கள். அரை மாரத்தான் முடிந்து இரண்டு வாரம் ஓய்வெடுத்த பிறகு. முதல் முறை இருப்பதிலேயே சிறிய பாதையை எடுங்கள். தலைவிளக்கின் வெளிச்சம் நாம் பார்க்கும் திசையிலேயே விழுவதால் நிழல்கள் மறைந்துவிடும், மேடும் பள்ளமும் தட்டையாகத் தோன்றும். பகலில் கண்ணால் பார்த்த மேட்டை இரவில் காலால்தான் உணர வேண்டும். அடி எண்ணுவதும் அப்போதுதான் முழுமையாகப் பயன்படும். நூறு மீட்டருக்கு உங்கள் இடது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று சாலையிலும் காட்டிலும் ஏற்றத்திலும் தனித்தனியாக இப்போதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் எண் கூடும்.

விசில் எடுத்துப் போக மறக்காதீர்கள். ஆபத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, மறுபடி ஆறு. மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். போட்டியைப் பாதியில் விட்டாலும் முடிவிடத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் உங்களைத் தேடி இருட்டில் பத்துப் பேர் அலைவார்கள். குளிர் நன்றாக இறங்கும்வரை உண்ணிகள் இருக்கும். முழங்காலுக்குக் கீழே மூடிய உடை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் தொடரோட்டத்தின் கடைசிக் கட்டம். ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சனின் தொடையில் மரக்குச்சி ஆழமாகக் குத்திவிட்டது. பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்த பிரான்ஸின் தியெரி கியோர்கியூ, நார்வேயின் ஆன்டெர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிகல் ஸ்மோலா மூவரும் நின்றுவிட்டார்கள். காயத்தைக் கட்டினார்கள், உதவி வரும்வரை கூட இருந்தார்கள். தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போனது. காட்டில் ஒருவர் தரையில் கிடந்தால் நிற்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் எழுதிய விதி. இரவில் தனியாக ஓடப்போகிற உங்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று அங்கே போனதும் தெரியும்.

அந்த அம்மாவிடம் பேசினீர்களா? அடுத்த போட்டி முடிந்ததும் உங்கள் படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். ஒன்பதாவதுபோல உங்களை அலைக்கழித்த ஒரு கன்ட்ரோலைக் காட்டி, இதற்கு எப்படிப் போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள். ஓரியண்டீரிங்காரர்கள் இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்வார்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள், பென்சிலால் வரைந்த படத்தோடு.

அன்புடன்